கூப்பிடுவதற்கு முன்னால்

(கோயம்புத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால் அவர் அறுவை அரங்கைப் பற்றியோ புதிய கருவியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். கோவைக்கு அப்படிப் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. திருச்சி சாலை அரசு மருத்துவமனை, ஜி.கே.என்.எம்., ராமகிருஷ்ணா, பி.எஸ்.ஜி., கங்கா, கே.எம்.சி.எச். என்று சொன்னால், தாராபுரத்திலும் கோபியிலும் பாலக்காட்டிலும் இருந்து பேருந்து ஏறி வருகிறவர்களுக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பது தெரியும். நான் இன்று எடுத்துக்கொண்டது கருவி எதுவும் தேவைப்படாத ஒரு வேலை. பகலில் மணிக்கு ஒருமுறையும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் செவிலியர் தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு படுக்கைக்கும் போய், நோயாளியைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது. மருந்து கொடுக்கப் போவது வேறு, பெரிய டாக்டருக்குப் பின்னால் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ரவுண்ட்ஸ் போவது வேறு. இது நோயாளி கூப்பிடாமலே போகும் சுற்று.

கீழே விழுவதில் இருந்து தொடங்குகிறேன். மருத்துவமனைக்குள் நோயாளிக்கு நேரும் தீங்குகளில் அடிக்கடி நேர்வது இதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆயிரம் படுக்கை நாட்களுக்கு 3 முதல் 5 பேர் விழுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அடிபடுகிறது. நூறு படுக்கையும் நிரம்பிய ஒரு மருத்துவமனைக்கு ஆயிரம் படுக்கை நாள் என்பது பத்தே நாள். அப்படியானால் உங்கள் மருத்துவமனையில் மாதத்துக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எப்படி விழுகிறார்கள் என்பது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். எழுபது வயதுப் பெரியவர். இதயத்துக்காக நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறோம், தூக்கத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு முட்டிக்கொண்டு வருகிறது. இரும்புக் கட்டில் உயரம். பக்கத் தடுப்பு கிடையாது, இருந்தால் அதைத் தாண்டப் பார்ப்பார். ரப்பர் செருப்பு கட்டிலுக்கு அடியில் எங்கோ தள்ளிக் கிடக்கிறது. ஒரு கையில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டு. மகன் வராந்தாவில் துண்டை விரித்துத் தூங்குகிறான். கழிப்பறைத் தரை எந்நேரமும் ஈரம். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது. இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார். நெஞ்சு வலிக்கு வந்தவரை எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்புகிறோம். அந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடந்து போவதில்லை.

பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒரு சிஸ்டர் வந்து, “ஒண்ணுக்குப் போகோணுங்களா? வாங்க, நான் புடிச்சுக்கறேன்” என்று கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நாலு கேள்வி என்றேன். வலிக்குதுங்களா? ஒண்ணுக்கு, வெளிக்குப் போகோணுங்களா? திரும்பிப் படுக்கோணுங்களா? தண்ணி, செருப்பு, செல்லு எல்லாம் கைக்கு எட்டுதுங்களா? அதன் பிறகு, போகும்போது, “இன்னும் ஒரு மணி நேரத்துல மறுபடியும் வாரேனுங்க” என்று சொல்வது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் செவிலிய மாணவிகள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். சிஸ்டர் வருவார் என்று நம்புகிற நோயாளிதான் தனியாக எழுந்து போகாமல் காத்திருப்பார்.

பேசக்கூடிய நோயாளியின் கதை அது. சொல்லத் தெரியாத உடம்பும் உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையில் இருந்து விழுந்தவர்களும், இருசக்கர வண்டியில் அடிபட்டவர்களும் முதுகுத்தண்டு முறிந்து இந்த நகரத்துக்கு வருகிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாம் எல்லோரும் தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். உட்கார்ந்தால் சற்று நேரத்தில் இடம் மாறுகிறோம். வலி நம்மைப் புரட்டுகிறது. இவருக்கு வலி வராது. கால்சட்டையின் மடிப்போ கசங்கிய விரிப்போ முதுகின் அடியில் உள்ள திருவெலும்பின் மேல் அழுந்திக்கொண்டே இருக்கும், அவருக்குத் தெரியாது. சில மணி நேரத்தில் தோல் சிவக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் உள்ளே திசு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைப் பார்க்காமல் விட்டால் பள்ளம் விழும், சீழ் வைக்கும், எலும்பு வரை போகும், மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க வைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று பேர் சேர்ந்து முதுகு வளையாமல் உருட்டித் திருப்பி, தோலைப் பார்த்து, விரிப்பை இழுத்துவிடுவதுதான் இதற்குத் தடுப்பு. ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஏர் பெட் போட்டாலும் திருப்பத்தான் வேண்டும்.

இனி மூன்றாவது தீங்கு: உடம்பு கெடுவது தெரிந்தும் தாமதிப்பது. இதை மருத்துவர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அமெரிக்கப் பொது மருத்துவமனை ஒன்றில், வார்டில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 150 நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டி ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகிறது என்ற குறிப்பு ஏட்டில் இருந்தது. யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். பிறகு என்ன ஆனது? சிலரைப் பற்றி மருத்துவருக்குத் தகவல் போகவில்லை; தகவல் போன இடங்களில் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஆகவே செவிலியரின் சுற்று தனியாக ஒருவரையும் காப்பாற்றாது. இரவு மூன்று மணிக்கு, “டாக்டர், பதினோராம் பெட் எனக்குச் சரியாப் படலை” என்று ஒரு பெண் போன் செய்தால், கோபப்படாமல் எழுந்து வருகிற மருத்துவரும் சேர்ந்தால்தான் அது சுற்று. ஒருமுறை திட்டு வாங்கியவள் அடுத்த முறை விடியும் வரை பொறுத்துப் பார்ப்பாள்.

சுற்றின்போது பார்க்க வேண்டியவற்றில் நாம் மிகவும் கைவிட்டது மூச்சு எண்ணிக்கை. நாடியையும் பிரஷரையும் மெஷின் சொல்லிவிடுகிறது. மூச்சை நின்று, நெஞ்சைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். நேரம் இல்லாததால் எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. உடம்பு கெடும்போது மற்ற எதற்கும் முன்னால் கூடத் தொடங்குவது பெரும்பாலும் மூச்சுதான். மகப்பேறு வார்டில் நாம் இப்படி விடுவதில்லை. பிள்ளை பிறந்த முதல் இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிரஷர், கருப்பை இறுகியிருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். உதிரப்போக்கு யாரையும் கூப்பிட விடாது. தாய் அசதியில் தூங்குவது போலத்தான் இருக்கும். தமிழகத்தில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மகப்பேற்று மரணம் 2018-20 கணக்கில் 54. நாட்டின் சராசரி 97. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கூப்பிடாமலே போய்ப் பார்க்கும் இந்த ஒழுங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அழைப்பு மணி இருக்கிறதே, பிறகு எதற்குச் சுற்று என்று நிர்வாகிகள் கேட்பார்கள். மணி, அதை அடிக்கத் துணிகிற நோயாளிக்காகச் செய்தது. நம் மக்களை நினைத்துப் பாருங்கள். “அந்தப் புள்ள இப்பத்தானுங்க உக்காந்துச்சு, அதுக்கு எதுக்குச் சிரமம்” என்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் ஆத்தாக்களை நான் வார்டு வார்டாகப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் மிடுக்காகச் சொல்வார்கள்: “பரவாயில்லைங்க சிஸ்டர்.” பரவாயில்லை என்கிறவருக்கு வயிறு கல் போல இருக்கும். பெட்பான் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு; அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது, காய்ச்சல் வருகிறது, ஏன் காய்ச்சல் என்று நாம் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் நம் பவுண்டரிகளுக்கும் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வந்த இளைஞர்கள். கூட இருக்க யாரும் இல்லை, மொழியும் இல்லை. அவர்கள் மணி அடித்து என்ன சொல்வார்கள்? முகம் சிரிப்பதில் இருந்து அழுவது வரை வரிசையாக வரைந்த வலி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் படுக்கைக்கு நாம்தான் போக வேண்டும்.

இந்தச் சுற்றால் பயன் உண்டா என்று உலகம் ஆராய்ந்திருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளின் 27 வார்டுகளில் செய்த ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. மணிக்கொரு சுற்று நடந்த வார்டுகளில் அழைப்பு மணி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது, விழுவதும் குறைந்தது. ஆனால் அது ஆறே வார ஆய்வு. எந்த வார்டில் சுற்று, எந்த வார்டில் வழக்கம் போல என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை, மருத்துவமனைகளே தேர்ந்துகொண்டன. இதற்குப் பிறகு இங்கிலாந்து. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் அழுக்குப் படுக்கையில், கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டுப் போன நிலையில் கிடந்ததை விசாரணைகள் வெளிக்கொண்டு வந்தன. விசாரணைக்குத் தலைமை வகித்த ராபர்ட் பிரான்சிஸ் 2013-இல் 290 பரிந்துரைகளோடு தன் பெரிய அறிக்கையைக் கொடுத்தார். அதற்கு முன்பே, 2012 ஜனவரியில், பிரதமர் டேவிட் கேமரன் மணிக்கொரு செவிலியர் சுற்று வேண்டும் என்று அறிவித்திருந்தார். சில ஆண்டுகளில் அங்குள்ள அரசு மருத்துவ நிர்வாகங்களில் 97 சதவீதம் ஏதோ ஒரு வடிவில் அதைத் தொடங்கிவிட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-இல் அதை மதிப்பிட்டுச் சொன்னது மனதில் நிறுத்த வேண்டியது. மேலிருந்து வந்த ஆணையாக, படிவமாக அது வார்டுக்குள் நுழைந்தது. கட்டத்தை நிரப்புவதே வேலையாகிப்போனது. நோயாளியோடான உறவு எதிர்பார்த்தபடி வளரவில்லை.

நம் ஊரிலும் அதைக் கண்டிருக்கிறேன். தரச்சான்று வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், காலை ஆறு மணிக்கு, இரவு முழுவதற்குமான கையெழுத்துகளை ஒரு பெண் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை அன்றிரவு அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். என் கவலை அந்தத் தாளைப் பற்றியது. காலி கட்டத்தைப் பார்த்தால் அந்த நேரத்தில் யாரும் வரவில்லை என்றாவது மேலே இருப்பவருக்குத் தெரியும். நிரப்பிய பொய்க் கட்டம் அதையும் மறைத்துவிடுகிறது.

இங்கே கோவைக்காரர்களுக்குப் புரிகிற ஒன்றைச் சொல்கிறேன். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த நாள் முதல் இந்த ஊர் நூல் நூற்கிறது. ஸ்பின்னிங் மில்லில் சைடர் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் உள்ள பலரது வீட்டில் இருப்பார்கள். ரிங் ஃபிரேமைச் சுற்றி நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைப் பிணைப்பதுதான் அவர் வேலை. அறுந்த இழை மணி அடித்துக் கூப்பிடாது. நடந்தால்தான் கண்ணில் படும். ஒரு சைடருக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கு இந்த ஊரில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் எத்தனை முறை உட்கார்ந்து பேசியிருப்பார்கள்! ஸ்பிண்டிலை எண்ணாமல் நடையைத் தீர்மானிக்க முடியாது என்பது மில்லுக்குத் தெரிந்திருந்தது. வார்டில் மட்டும் படுக்கையை எண்ணாமல் சுற்றுக்கு உத்தரவு போடுகிறோம்.

கணக்கு எளியது. ஒரு படுக்கையில் கேள்வி கேட்டு, திருப்பிப் படுக்க வைத்து, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நோயாளிக்கு 18 நிமிடம். நாற்பது நோயாளிக்கு இரண்டு மணி நேரம். மணிக்கொரு சுற்று என்ற ஆணையை நாற்பது பேர் உள்ள வார்டில் ஒருவரால் நிறைவேற்றவே முடியாது. பொது வார்டில், கற்பிக்கும் மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் நம் வட்டாரத்தின் எந்தப் பொது வார்டிலாவது போய் எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்குக் காப்பீட்டுத் திட்டக் காகிதம், கணினிப் பதிவு, துணிக் கணக்கு, மருந்து இண்டென்ட் எல்லாம் அவர் தலையில். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு: ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி என்றால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

ஆள் போதாமையை நாம் இதுவரை யாரைக் கொண்டு நிரப்பி வந்தோம்? கூட இருக்கிற உறவினரைக் கொண்டு. ட்ரிப்ஸ் முடிந்ததைச் சொல்கிறவர் அவர், பெட்பான் வைக்கிறவர் அவர், திருப்பிப் போடுகிறவர் அவர். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ட்ரிப்ஸ் வேகத்தைத் திருகிக் கூட்டிவிடுகிறவரும் அவரே. 2021 மே மாதம், கொரோனா அலையில், அந்த உறவினர் வார்டுக்குள் இல்லாமல் போனார். மாத இறுதியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையைத் தாண்டியிருந்தது. மே 30-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்பு உடை அணிந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டுக்குள் சென்று நோயாளிகளைப் பார்த்தார். அந்த நாட்களில் வெளியே குடும்பம், உள்ளே நோயாளி. நடுவில் உடை மூடிய செவிலியர் மட்டும். கொரோனாவில் ஆக்சிஜன் அளவு சரிந்துகொண்டிருக்கும்போதே சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு மூச்சு முட்டுவதே அவர்களுக்குத் தெரியவில்லை. விரலில் கருவியை மாட்டிப் பார்க்க ஒருவர் மறுபடி மறுபடி வந்ததால் பிழைத்தவர்கள் நம் நடுவில் நடமாடுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல், அந்த உடைக்குள் மணிக்கணக்கில் நடந்தவர்களில் பலர் ஒப்பந்தச் செவிலியர்கள். கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. அதற்கு முன் 2015-இல் தேர்வு எழுதி, தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கை நம்பி ஏமாந்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நாளை தன் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் வருவேன்’ என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்கச் சொல்கிறோம்.

உறவினரை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது என் கருத்தில்லை. நம் ஊரில் நோயாளி தனியாக இருக்கமாட்டார், இருக்கவும் வேண்டாம். சுற்றுக்கு வரும்போது அவரையும் எழுப்பி, இன்று எதைக் கவனிக்க வேண்டும், எதை அவர் தொடக்கூடாது, எது நேர்ந்தால் ஓடிவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அரை நிமிடம் ஆகும்.

மருத்துவமனைகளுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன். தமிழகம் ஒவ்வொரு மகப்பேற்று மரணத்தையும் தனித்தனியாகத் தணிக்கை செய்கிறது. அதே போல மருத்துவமனைக்குள் விழுந்த ஒவ்வொருவரையும், மருத்துவமனையில் உண்டான ஒவ்வொரு படுக்கைப்புண்ணையும், யாரையும் தண்டிக்காமல், ஏன் நேர்ந்தது என்று அறிவதற்காக எண்ணுங்கள். தரச்சான்றுக்காக எழுதும் எண்ணை வார்டு வாசலிலும் எழுதிவையுங்கள். இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர், எத்தனை நோயாளி என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். 2022-இல் திருப்பூர், நாமக்கல், நீலகிரி என்று நம் பகுதிக்குப் புதிய மருத்துவக் கல்லூரிகள் வந்தன. கட்டடத்துக்குத் தக்க செவிலியர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அவையில் உள்ள பொதுமக்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியவர் படுத்திருக்கும் வார்டில் சிஸ்டர் வந்து ‘வலிக்குதுங்களா’ என்று கேட்டால், தயவுசெய்து ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.